மியூனிக்கிலிருந்து மிட்டன்வால்ட்: மாணவர்களுக்கு ஒரு நாள் ஆல்ப்ஸ் ரயில் பயண வழிகாட்டி

மியூனிக்கில் படிக்க வரும் நம் மாணவர்கள் முதல் சில மாதங்களை அறை தேடுவதிலும் பதிவு அலுவலகத்திலும் நூலகத்திலுமே கழித்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு நீண்ட விடுமுறை வந்ததும் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று கிளம்புகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஆல்ப்ஸ் மலைக் கிராமம் பட்டப்படிப்பு முடியும்வரை பார்க்கப்படாமலே போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மிட்டன்வால்டுக்கு நான் கோடையில் போயிருக்கிறேன், பனி கொட்டும் ஜனவரியிலும் போயிருக்கிறேன், ஒருமுறை தேர்வு சரியாக எழுதாத வருத்தத்தில் யாரிடமும் சொல்லாமல் தனியாகவும் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கற்றுக்கொண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஏன் இந்த ஊர் என்று கேட்டால், ரயில் மாற வேண்டியதில்லை, நிலையத்தில் இறங்கினால் ஊரே எதிரில் இருக்கிறது, முன்பதிவு எதுவும் தேவையில்லை, உங்கள் பையில் ஏற்கெனவே இருக்கும் மாதாந்திர டிக்கெட்டே போதும். சுக்ஷ்பிட்ஸ சிகரமோ நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையோ பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டைக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டு உண்டு, இரண்டு இடத்திலும் வரிசையும் கூட்டமும் உண்டு. மலையை முதன்முதலில் பார்க்கப்போகிறவருக்கு மிட்டன்வால்ட் நல்லது.

எந்த நாளில் போவது

மாதத்தைவிட வானிலையைப் பார்த்து முடிவெடுங்கள். மூன்று நாளுக்கு முன்பே தேதியைக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் முந்தின நாள் மாலை ஜெர்மன் வானிலைத் துறையின் செயலியிலோ பெர்க்ஃபெக்ஸ் என்ற மலை வானிலைத் தளத்திலோ மிட்டன்வால்ட் என்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். மியூனிக் வானிலையை நம்பிக் கிளம்பாதீர்கள். மியூனிக் சுமார் 520 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மிட்டன்வால்ட் 923 மீட்டரில். நகரத்தில் தூறல் என்றால் அங்கே பனியாக இருக்கலாம். நவம்பரில் நகரத்தை மூடியிருக்கும் மூடுபனி அங்கே இல்லாமல் பளீரென்று வெயில் அடிப்பதும் உண்டு.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலுக்கு மேல் இடிமழை வருவது வழக்கம். எனவே கோடையில் காலை 7 மணி வாக்கில் ரயிலேறிவிட்டால், நடக்க வேண்டியதை மதியத்துக்குள் முடித்துவிடலாம். டிசம்பரில் வேறு கணக்கு: மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும், மலைகளுக்கு நடுவே இருப்பதால் வெயில் அதற்கும் முன்பே போய்விடும். ஏப்ரலிலும் நவம்பரிலும் பனியும் சேறும் பாதியாகக் கிடக்கும், பல இடங்கள் மூடியிருக்கும், அந்த இரண்டு மாதங்களையும் முதல் பயணத்துக்குத் தவிர்க்கலாம். என்னைக் கேட்டால் முதல்முறைக்கு செப்டம்பர் பின்பாதிதான். வானம் தெளிவாக இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். மேய்ச்சலுக்காகக் கோடை முழுவதும் மலைமேல் இருந்த மாடுகளை மணிகட்டிக் கீழே ஓட்டிவருவதும் அந்த மாதத்தில்தான்.

முடிந்தால் வார நாளில் போங்கள், ஆனால் திங்கட்கிழமை வேண்டாம், வயலின் அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும்.

டிக்கெட்

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற அந்த மாதாந்திர டிக்கெட் வைத்திருந்தால் தனியாக ஒரு காசும் செலவில்லை. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது, 2025 ஜனவரியில் 58 ஆகி, 2026 ஜனவரியில் 63 ஆகிவிட்டது. பவேரியாவில் படிக்கும் மாணவர்களுக்குச் சலுகை விலையில் ஒன்று உண்டு, அதை முதலில் உங்கள் பல்கலைக்கழக மாணவர் சேவைப் பக்கத்தில் பாருங்கள். இது மாதச் சந்தா என்பதை மறக்க வேண்டாம். ஒரு மாதத்தோடு நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். புதிதாக வந்தவர்கள் பலர் இதில்தான் பணத்தை விடுகிறார்கள். டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பதால் பரிசோதகர் புகைப்பட அடையாளமும் கேட்பார்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அல்லது டிக்கெட் இல்லாத நண்பர்களோடு போகிறீர்கள் என்றால் பவேரியா நாள் டிக்கெட் வாங்குங்கள். ஒரே டிக்கெட்டில் 5 பேர்வரை போகலாம், ஆள் கூடக் கூட ஒருவருக்கான செலவு குறையும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் நள்ளிரவிலிருந்தே செல்லும், மறுநாள் அதிகாலை 3 மணிவரை பயன்படுத்தலாம். டிக்கெட்டில் எல்லோர் பெயரையும் எழுதிவிட்டே ரயிலேறுங்கள்.

இரண்டுமே வட்டார ரயில்களுக்கு மட்டும்தான். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. சில நாட்களில் இதே பாதையில் விரைவு ரயிலும் போகும், அதே பலகையில் அதுவும் மிட்டன்வால்ட் என்று காட்டும், அவசரத்தில் அதில் ஏறிவிடக் கூடாது. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் வட்டார ரயில்கள் மட்டும் என்ற வடிகட்டியைப் போட்டுவிட்டுத் தேடினால் இந்தக் குழப்பமே வராது.

முந்தின நாள் இரவு

கட்டுச்சோறு கட்டுங்கள். இதை நான் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஜெர்மனி முழுவதும் சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், கிராமத்து உணவகங்களில் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே அடுப்பை அணைத்துவிடும் வழக்கமும் உண்டு. ஏரிக்கரையில் மூன்று மணிக்குப் பசி எடுத்தால் கையில் சாப்பாடு இருக்க வேண்டும். நம் ஊரில் பயணத்துக்கென்றே கண்டுபிடித்த புளிசாதம் இங்கும் அப்படியே பொருந்துகிறது. சூடாக்க வேண்டாம், கெடாது, ஆறினால் இன்னும் நன்றாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெனுவில் இருக்கும் உருண்டை வகைகளில் சிலவற்றில் பன்றிக்கொழுப்போ ஈரலோ கலந்திருக்கும், கேட்காமல் வாங்கக் கூடாது. கேஸ்ஷ்பேட்ஸ்லே என்ற பாலாடைக்கட்டிப் பலகாரமும், துண்டு துண்டாகப் பிய்த்துச் சர்க்கரை தூவித் தரும் கைசர்ஷ்மார்னும் பெரும்பாலும் இறைச்சி இல்லாமல்தான் வரும். ஆனால் கைசர்ஷ்மார்னில் முட்டை நிறைய.

தண்ணீர்ப் புட்டியைக் குழாயிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கினால் பிளாஸ்டிக் புட்டிக்கு 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்து வாங்குவார்கள், காலிப் புட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

பையில் போட வேண்டியவை அதிகமில்லை. மெல்லிய மழை ஜாக்கெட், ஒரு கூடுதல் ஸ்வெட்டர், சன்ஸ்கிரீன், முழுவதும் சார்ஜ் செய்த போன், 20 யூரோ ரொக்கம். அட்டை வாங்காத சிறிய கடைகளும் மலைக்குடில்களும் இன்னும் இருக்கின்றன. காலுக்கு, அடிப்பகுதியில் நல்ல பள்ளம் இருக்கும் ஷூ. வழுவழுப்பாகத் தேய்ந்த ஷூவோடு ஈரமான சுண்ணாம்புக்கல்லில் கால் வைத்தால் சறுக்கும், அந்த மலை முழுவதும் சுண்ணாம்புக்கல்தான். ஜீன்ஸ் நனைந்தால் மாலைவரை காயாது, வேறு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: பாஸ்போர்ட்டையும் தங்குரிமை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிக்குள்தானே போகிறோம் என்று பலர் அறையில் வைத்துவிட்டு வருகிறார்கள். மிட்டன்வால்ட் ஆஸ்திரிய எல்லையில் இருக்கிறது. பின்னால் சொல்லப்போகும் லாய்ட்டாஷ் பள்ளத்தாக்குப் பாதையே எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. திரும்பி வரும் ரயில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து வருவதாக இருந்தால் எல்லைப் போலீஸ் ஏறிச் சரிபார்ப்பது சாதாரணம். விசாவோ தங்குரிமையோ செல்லுபடியாக இருந்தால் கவலையே இல்லை. ஆனால் விசா முடிந்து, அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு, இடைக்காலத் தாளை மட்டும் வைத்துக் காத்திருப்பவர்கள் அந்தத் தாளில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தங்குரிமைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப வரலாம், 3-ஆம் உட்பிரிவு என்றால் கூடாது. சந்தேகம் இருந்தால் பள்ளத்தாக்கை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொண்டு ஏரிகளுக்குப் போங்கள், இரண்டு ஏரிகளும் முழுக்க ஜெர்மனிக்குள்ளேயே இருக்கின்றன.

காலையில் நிலையத்தில்

கிளம்பும் முன் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தப் பாதையில் பராமரிப்பு வேலைகள் அடிக்கடி நடக்கும். சில வாரங்களில் ஒரு பகுதிக்கு ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும், அப்போது பயண நேரம் கணிசமாகக் கூடிவிடும்.

மிட்டன்வால்டுக்கு முன்னால் வரும் கார்மிஷ் என்ற ஊர்ப் பக்கம் போகும் ரயில்கள் மியூனிக் தலைமை நிலையத்தில் பெரும்பாலும் 27 முதல் 36 வரையிலான நடைமேடைகளிலிருந்து கிளம்புகின்றன. இது ஷ்டார்ன்பெர்க் பக்கவாட்டு நிலையம் எனப்படும் பகுதி, பெரிய கூடத்திலிருந்து பக்கவாட்டில் நன்றாக உள்ளே நடக்க வேண்டும். சுரங்க ரயிலிலிருந்து மேலே வந்து அங்கே போய்ச் சேரப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பாசிங் நிலையத்திலும் ரயில் நிற்கும், மேற்குப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு அது அருகில்தான். ஆனால் வெயில் அடிக்கும் சனிக்கிழமையில் பாசிங்கில் ஏறினால் நின்றுகொண்டே போக வேண்டிவரும். தலைமை நிலையத்திலேயே ஏறி உட்கார்ந்துவிடுவது நல்லது.

அடுத்தது, எந்தப் பெட்டியில் ஏறுகிறோம் என்பது. இந்த வழியில் பல ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும். முன்பகுதி ஒரு ஊருக்கும் பின்பகுதி வேறொரு ஊருக்கும் போகும். கார்மிஷில் பிரிந்தால் ஒரு பாதி மிட்டன்வால்ட் பக்கமும் மறுபாதி ஆஸ்திரியாவின் ராய்ட்டெ பக்கமும் போகும். என் முதல் பயணத்தில் இது எனக்குத் தெரியாது. ஜன்னலோர இடம் கிடைத்த மகிழ்ச்சியில் உட்கார்ந்துவிட்டேன், கார்மிஷ் தாண்டிய பிறகு வந்த நிலையத்தின் பெயர் நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் இல்லை. இறங்கி, எதிர்த்திசை ரயிலுக்குக் காத்திருந்து, திரும்பி வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போனது, குளிர்கால நாளில் அது பாதி வெளிச்சம். நடைமேடைப் பலகையில் எந்தப் பகுதி எங்கே போகிறது என்று போட்டிருக்கும், பெட்டியின் வெளிப்புறத்திலும் உள்ளே திரையிலும் சேருமிடம் இருக்கும். மிட்டன்வால்ட் அல்லது இன்ஸ்ப்ரூக் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

ரயிலில்

பயணம் ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம். போகும்போது இடப்பக்க ஜன்னல். ஷ்டார்ன்பெர்க்கில் ஏரி ரயிலுக்கு மிக அருகில் வந்துவிடும். தெளிந்த நாளில் ஏரிக்கு அந்தப்பக்கம் தெற்கே மலைகள் வரிசையாக நிற்பது தெரியும், அங்கேதான் போகிறோம்.

டுட்சிங், வைல்ஹைம் எல்லாம் சமவெளி, இங்கே காலை உணவைச் சாப்பிட்டுவிடுங்கள். முர்னாவ் வந்ததும் போனைக் கீழே வைத்துவிட வேண்டும். காண்டின்ஸ்கியும் காப்ரியேலெ முன்டரும் தங்கி ஓவியம் வரைந்த ஊர் இது. ஊரைத் தாண்டியதும் பெரிய சதுப்புநிலம் விரிகிறது, அதன் மறுபக்கம் மலைகள் சுவர்போல எழுகின்றன. அந்தச் சுவருக்கு நடுவில் இருக்கும் திறப்பில், லோய்ஸாஹ் ஆற்றோடு சேர்ந்து ரயில் நுழைகிறது.

கார்மிஷில் பாதி ரயில் காலியாகிவிடும், மேலே கிளம்பும்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரலாம். கார்மிஷ் வரையிலான பாதை 1889-இல் வந்துவிட்டது, ஆனால் அங்கிருந்து மிட்டன்வால்ட் வழியாக இன்ஸ்ப்ரூக் போகும் மலைப்பாதை 1912-இல்தான் திறந்தது. கட்டியவர் யோசெஃப் ரீல் என்ற பொறியாளர். மேலே ஏறி 933 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிளைஸ் என்ற சின்ன நிலையத்தைத் தாண்டியதும் முட்டு முட்டாக, யாரோ பச்சைப் போர்வைக்கு அடியில் ஆயிரக்கணக்கான பானைகளைக் கவிழ்த்து வைத்ததுபோல் புல்வெளி வரும். பனியாறுகள் விட்டுப்போன நிலம் அது. இயந்திரம் ஓட்ட முடியாத மேடுபள்ளம் என்பதால் பல இடங்களில் இன்றும் கையால்தான் புல் அறுக்கிறார்கள்.

மிட்டன்வால்டில் கட்டாயம் இறங்கிவிடுங்கள். இந்தப் பாதையில் ஜெர்மனியின் கடைசி நிலையம் இதுதான். தூங்கிவிட்டால் அடுத்தது ஆஸ்திரியாவின் ஷார்னிட்ஸ், அதற்கு மேல் போக வேறு டிக்கெட் வேண்டும்.

இறங்கியதும்: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

பள்ளத்தாக்கு, ஏரிகள், கேபிள் கார், அருங்காட்சியகம் என நான்கையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் எல்லாவற்றிலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கும். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன், புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன, எதுவும் மனதில் நிற்கவில்லை. வெளியே ஒன்று, ஊருக்குள் ஒரு சுற்று, அவ்வளவு போதும். எது என்பதை நிலையத்தில் இறங்கி வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதல் பயணத்துக்கு ஏரிகள்தான் என் தேர்வு. ஊரின் மேற்குப்பக்கமாக, லைன் ஓடை விழும் பள்ளத்தாக்கு வழியே ஏறினால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் லவுட்டர் ஏரி வந்துவிடும். தொடக்கத்தில் கொஞ்சம் செங்குத்து, பக்கத்திலேயே அருவி இறங்கிக்கொண்டிருப்பதால் நின்று நின்று ஏறலாம். ஏரி 1013 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கரையில் சின்ன வழிபாட்டுக் கூடம் ஒன்று உண்டு. அந்தக் கரையிலிருந்து பார்த்தால் தண்ணீருக்குப் பின்னால் கார்வெண்டல் மலைத்தொடர் மொத்தமாக நிற்கும், காற்றில்லாத காலையில் அதன் நிழலும் தலைகீழாக ஏரியில் கிடக்கும். கோடையில் நீந்தலாம், ஆகஸ்டில்கூடத் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், மெதுவாக இறங்குங்கள். இன்னும் அரைமணி நேரம் நடந்தால் ஃபெர்ஷன் ஏரி. இது கொஞ்சம் உயரத்தில், வெட்டர்ஷ்டைன் பாறைச்சுவருக்கு நேர் அடியில் இருக்கிறது, கூட்டமும் குறைவு. புளிசாதத்தை இங்கே திறங்கள். முழங்கால் வலி இருப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் கோடையில் ஊரிலிருந்து ஏரிகளுக்குப் பேருந்து இருக்கிறது, நேரத்தை நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மேகமூட்டமாக இருந்தால் லாய்ட்டாஷ் பள்ளத்தாக்கு. சிகரங்கள் தெரியாத நாளிலும் இங்கே குறை தெரியாது. நிலையத்திலிருந்து தெற்கே இசார் ஆற்றோரமாக அரைமணி நேரம் நடந்தால் வாசல். ஜெர்மன் பக்கத்தில் சிறிய கட்டணம் கொடுத்து ஏறத்தாழ 200 மீட்டர் நீள மரப்பாதையில் போனால், பாறை இடுக்கின் முடிவில் 23 மீட்டர் அருவி. மேலே ஆஸ்திரியப் பக்கத்தில் பாறையோடு பொருத்திய இரும்பு நடைபாலங்கள் 2006-இல் திறக்கப்பட்டன, அவற்றுக்குக் கட்டணம் இல்லை. காலுக்கடியில் கம்பி வலை, அதற்குக் கீழே வெகு ஆழத்தில் தண்ணீர். உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் பத்தடி நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும், யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். ஊரிலிருந்து போய்ச் சுற்றித் திரும்ப மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தால், பணமும் இருந்தால், கேபிள் கார். நிலையத்திலிருந்து ஆற்றைத் தாண்டிப் பத்து நிமிட நடை. 1967-இலிருந்து ஓடும் கார்வெண்டல் கேபிள் கார் பத்தே நிமிடத்தில் 1311 மீட்டர் ஏற்றி 2244 மீட்டரில் இறக்கிவிடும். ஊட்டியும் ஏறக்குறைய இதே உயரம்தான், ஆனால் அதை நினைத்துக்கொண்டு ஸ்வெட்டரோடு மட்டும் ஏறாதீர்கள். ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகையில் இருக்கிறது, இது 47 பாகையில். மேலே மரமே கிடையாது, வெறும் பாறை, ஜூன் மாதத்திலும் பனி கிடக்கும். ஒரு மணி நேரத்தில் சுற்றிவரக்கூடிய வட்டப்பாதை இருக்கிறது, அதில் பனி இல்லையென்றால் நடக்கலாம். அங்கிருந்து பிரிந்துபோகும் சிகரப் பாதைகளில் பழக்கமில்லாமல் இறங்கக் கூடாது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பராமரிப்புக்காகச் சில வாரம் நிறுத்துவார்கள், முன்பே பாருங்கள். மாணவர் பட்ஜெட்டுக்கு இது செலவுதான், முதல் முறையே வேண்டும் என்பதில்லை.

நடக்கும்போது மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்றுங்கள், ஊர்ப்பெயரோடு நடக்கும் நேரமும் போட்டிருக்கும். பாதையைக் குறிக்கும் புள்ளி நீலமென்றால் எளிது, சிவப்பென்றால் நடுத்தரம், கருப்பென்றால் அனுபவமுள்ளவர்களுக்கு. எதிரே வருபவர்கள் க்ரூஸ் காட் என்பார்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். நகரத்தில் ஒரு வருடம் யாரும் முகம் பார்த்து வணக்கம் சொல்லாமல் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு இதமாக இருக்கும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஏதாவது ஆகிவிட்டால் 112. அழைத்தால் மலை மீட்புக் குழுவுக்குத் தகவல் போய்விடும்.

ஊருக்குள் ஒரு மணி நேரம்

திரும்பி வந்ததும் நேராக நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். மேல்கடைத்தெருவில் நடங்கள், தெரு நடுவே சின்ன வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும். இருபுறமும் வீட்டுச் சுவர்களில் புனிதர்களும் தூண்களும் மலர்க்கொடிகளுமாக ஓவியங்கள். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே வரைந்ததால் வண்ணம் சுவரோடு சேர்ந்து இறுகிவிட்டது, அதனால்தான் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இந்த மழையிலும் பனியிலும் நிற்கின்றன. ஊரின் மிகப் பழைய பகுதியான க்ரீஸில் இவற்றை நெரிசலில்லாமல் பார்க்கலாம்.

இவ்வளவு சின்ன ஊருக்கு இந்தச் செழிப்பு எப்படி வந்தது? வெனிஸ் வணிகர்கள் 1487-இல் போட்சன் நகரச் சந்தையை இங்கே மாற்றிக்கொண்டார்கள். 1679 வரை, ஏறத்தாழ இருநூறு வருடம், ஆல்ப்ஸைத் தாண்டும் சரக்கெல்லாம் இங்கே இறங்கி ஏறியது. சந்தை திரும்பிப் போனதும் ஊர் வறுமைக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் மத்தியாஸ் க்ளோட்ஸ் என்பவர் 1680-களில் வயலின் செய்யும் தொழிலோடு ஊர் திரும்பினார். மலையில் மெதுவாக வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரம் பக்கத்திலேயே கிடைத்தது, அக்கம்பக்கத்தார் கற்றுக்கொண்டார்கள், ஊரே வயலின் ஊராகிவிட்டது. 1858-இல் தொடங்கிய வயலின் செய்முறைப் பள்ளி இன்றும் நடக்கிறது. தேவாலயத்தின் முன்னால் க்ளோட்ஸ் உட்கார்ந்து வயலின் செய்யும் சிலை இருக்கிறது. கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள் வயலின் அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. பாலுஸ்வாமி தீட்சிதர் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த அதே வாத்தியம், தோளில் வைத்து வாசிப்பவர்களுக்காக இங்கே மரத்தைச் செதுக்கிச் செதுக்கி உருவாவதைப் பார்க்கும்போது, ஊரில் பாட்டு வகுப்புக்குப் போன நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

நேரம் இருந்தால் பாலத்தில் நின்று இசார் ஆற்றைப் பாருங்கள். மியூனிக்கில் தினமும் பாலத்தின்மேல் சைக்கிளில் கடக்கிறீர்களே, அதே ஆறு. பக்கத்தில் ஆஸ்திரியாவின் டைரோல் மாநிலத்தில் கார்வெண்டல் மலைகளுக்குள் பிறந்து இந்த ஊர் வழியாகத்தான் நகரத்துக்கு வருகிறது. இங்கே அது பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில், கூழாங்கல் தெரிய ஓடும்.

திரும்பும்போது

கடைசி ரயிலை நம்பாதீர்கள், அதற்கு முந்தையதற்குத் திட்டமிடுங்கள். ஏறத்தாழ மணிக்கு ஒன்று என்பதால் ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். இறங்கிய உடனேயே திரும்பும் நேரங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாறை இடுக்கில் சிக்னல் கிடைக்காது. ஞாயிறு மாலையில் கார்மிஷில் பெருங்கூட்டம் ஏறும், பனிச்சறுக்குப் பலகைகளோடு வருபவர்கள் நடைபாதையெல்லாம் நிறைந்துவிடுவார்கள். நாம் அதற்கு முன்பே ஏறிவிடுவதால் பெரும்பாலும் உட்கார இடம் இருக்கும். பாஸ்போர்ட்டை எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு தூங்கலாம். இந்த முறை வலப்பக்க ஜன்னல், ஏரியில் மாலை வெளிச்சம் விழும்.

நான் அடுத்து போவது மே மாதக் கடைசியில். கிளைஸில் இறங்கி, முட்டு முட்டான அந்தப் புல்வெளி வழியாக மிட்டன்வால்ட் வரை நடக்கப்போகிறேன். அடர்நீல ஜென்ஷன் பூக்கள் அப்போது புல்லோடு ஒட்டிக்கொண்டு பூத்திருக்கும், மூன்று வருடமாக ரயில் ஜன்னலிலிருந்து மட்டும்தான் அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.